அரக்கு வைத்த குழல்

பழைய அரண்மனையொன்று அருங்காட்சியகமாகியிருந்தது. அதன் ஆயுதக் கூடத்துக்கு அங்கயற்கண்ணி பொறுப்பாளர். வயது நாற்பது. அவளிடம் பாடம் கேட்க வந்த சீடருக்கு அறுபத்தொன்று. இன்னாசிமுத்து என்று பெயர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கற்றுக்கொள்ள என்ன வெட்கம் என்று எட்டு மாதமாகத் துப்பாக்கி முத்திரைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அன்று காலை மனிதர் பழைய அணிவகுப்பு நடை நடந்து வந்தார். தோளில் வேட்டியில் சுற்றிய ஒரு நீளத் துப்பாக்கி.

"எங்க வீட்டுது மேடம். ஞாயித்துக்கிழமை குடும்பமே வந்து இந்தக் கூடத்துக்குக் கொடுக்கப்போறோம். பெயர் அட்டையை நானே எழுதணும்."

"எழுதுங்க. முதல்ல இது என்னன்னு சொல்லுங்க."

இதற்காகவே பிறந்தவர் மாதிரி ஆரம்பித்தார். "என்ஃபீல்ட் ரைபிள். வாய் வழியா வெடிமருந்தும் குண்டும் போடறது. குழலைக் கட்டையோட பிடிக்க மூணு இரும்புப் பட்டை. விசைத் தகட்டுல கிரீட முத்திரை, வருஷம் 1859. கட்டையில அம்பு முத்திரை, சர்க்கார் சொத்து."

"குறி பார்க்கிற இடம்?"

தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் சின்ன ஏணி ஒன்று குழலின் மேல் இருக்க வேண்டும். இதில் நடுவே வெட்டுவிட்ட ஒரு இரும்புத் துண்டுதான் இருந்தது.

"ஏணி உடைஞ்சு விழுந்திருக்கும்."

"உடைஞ்ச தடம் எங்கே?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தடம் இல்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்!

"கதையைக் கேளுங்க, நீங்களே ரைபிள்னு எழுதுவீங்க. எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் சவேரிமுத்து, கம்பெனிப் பட்டாளத்துல நாயக். வடக்கே சிப்பாய்க் கலகம் வந்தப்ப கூடப் பிறந்த தம்பி ராயப்பன் கலகக்காரங்க பக்கம் போயிட்டான். அவனைப் பிடிச்சுக் கொண்டுவந்து, சுடச் சொல்லி இவர்கிட்டயே உத்தரவு போட்டாங்க. சுட்டார்."

குரல் இறங்கியது.

"ஊர்ல இன்னைக்கும் எங்களைத் தம்பியைத் தின்ன வீடுன்னுதான் சொல்றாங்க. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கொடுக்கிற அதே ரைபிளைத் துரை இவர் கையில கொடுத்தான், அவ்வளவு நம்பினான்னு நாங்க சொல்லுவோம். அதை விட்டா எங்களுக்கு வேற பதில் இல்லை மேடம்."

அங்கயற்கண்ணி குழலின் வாயைத் தொட்டாள். மரத்தக்கை ஒன்று அடித்து, மேலே அரக்கு உருக்கி ஊற்றியிருந்தது.

"இது?"

"தூசி போகக்கூடாதுன்னு சவேரிமுத்துப் பெரியவரே அடைச்சது. துப்பாக்கி கைக்கு வந்த அன்னிக்குச் சாயங்காலமே அடைச்சுட்டாராம். எடுக்கக்கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நாங்க யாரும் தொட்டதில்லை."

"இப்ப எடுங்க."

இன்னாசிமுத்துவுக்குக் கை வரவில்லை. பட்டாளத்தில் ஆயிரம் குழல்களுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தவர், வீட்டுக் குழலை மட்டும் பார்த்ததில்லை. கடைசியில் கத்தியைச் சுடவைத்து அரக்கைச் சுரண்டி, தக்கையைப் பிடுங்கினார். உள்ளே மருந்தோ குண்டோ கிடக்கிறதா என்று அவள் கம்பியை விட்டு அளந்து பார்த்தாள். வெறும் குழல்.

பிறகு சுவரிலிருந்து வேறொரு துப்பாக்கியை இறக்கினாள்.

"இது வெள்ளைக்காரப் படையில இருந்தது. சுண்டு விரலை விடுங்க."

விட்டார். "வரி இருக்கு. மூணு. திருகிக்கிட்டுப் போகுது."

"அதுதான் ரைபிள். அந்த வரியாலதான் குண்டு சுழன்று தொலைவுக்கும் குறி தப்பாமப் போகும். இப்ப உங்களுது."

விட்டார். விரலைச் சுற்றிச் சுற்றித் தடவினார். வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டார். சொம்பின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று இருந்தது.

"தேஞ்சிருக்கும்."

"வந்த அன்னிக்கே அடைச்ச குழல் எப்படித் தேயும் ஐயா?"

அவர் விரலை வெளியே எடுத்தார்.

"கலகம் அடங்கின பிறகு நம்ம ஊர்ச் சிப்பாய்களுக்குன்னு தனியாச் செஞ்சது இது. வெளியே எல்லாம் அதே மாதிரி. உள்ளே வரி கிடையாது, ஏணியும் கிடையாது. நாளைக்குத் திருப்பிப் பிடிச்சாலும் தூரத்துல நிக்கிற வெள்ளைக்காரன் மேல படக்கூடாது."

"கூடப் பிறந்தவனையே சுட்டவருக்குமா?"

"அவருக்கும்தான்."

இன்னாசிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இதற்காகவா எட்டு மாதம் உட்கார்ந்து படித்தோம் என்றிருந்தது. அங்கயற்கண்ணி வெள்ளை அட்டையையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

"பாவம் பெரியவர்" என்றார். "இது தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பார். இல்லையா மேடம்?"

மேசையில் உதிர்ந்து கிடந்த அரக்குத் தூளை அவள் கையால் கூட்டி, அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை வச்சது யாருன்னு சொன்னீங்க?"