வாழைநார்த் தையல்

ஆலங்கரையில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் துணைவந்தநாதர் கோபுரம் கண்ணில் படும். ஓர் இடத்தில் மட்டும் படாது. அரசு ஆஸ்பத்திரியின் பின்புறம், வேப்பமரங்களைத் தாண்டி, தகரக் கூரை போட்ட பிணவறை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். அந்த அறையில்தான் சொரிமுத்தார் என்னும் அடியார் தம் ஆயுளையெல்லாம் கழித்தார். அவர் செய்தது தொண்டு என்று நாம் சொல்கிறோம். ஊரார் அதை அறுப்பு வேலை என்றார்கள். சொல்லிவிட்டு மூக்கையும் பொத்திக்கொண்டார்கள்.

சாவில் சந்தேகம் என்று போலீசார் எழுதிவிட்டால் உடல் அங்கேதான் வரும். கிணற்றில் மிதந்தவர், லாரியில் அடிபட்டவர், பூச்சிமருந்து குடித்தவர் என்று எல்லோரும் அந்த ஒரே கல்மேடையில்தான் படுத்தாக வேண்டும். சொரிமுத்தார் முதலில் உடலைக் கழுவுவார். மருத்துவர் தலையிலிருந்து நகம் வரை காயங்களைப் பார்ப்பார். பிறகு அவர் சொல்ல, கழுத்துக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை சொரிமுத்தார் கத்தியால் ஒரு கோடு இழுப்பார். விலா எலும்பை விலக்கி, இதயம், நுரையீரல், ஈரல் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைப்பார்கள். இரைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மண்டையோட்டைத் திறந்து மூளையையும் பார்ப்பதுண்டு. விஷமோ என்று ஐயம் வந்தால் கொஞ்சம் வெட்டி உப்புநீர்ப் புட்டியில் போட்டுச் சோதனைக்கு அனுப்புவார்கள். மற்றதெல்லாம் திரும்ப உள்ளே போகும். அத்துடன் மருத்துவர் கை கழுவிவிடுவார். சொரிமுத்தாரின் பூசை அப்போதுதான் தொடங்கும்.

திறந்ததை மூடுவது அவர் வேலை. கோணி ஊசியில் சணலைக் கோத்து நாலு இழுப்பு இழுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. துணி சுற்றிய பிறகு யார் பார்க்கிறார்கள்? சொரிமுத்தார் வெள்ளை நூலை எடுத்து, நெருக்கமாக, பூத் தொடுப்பது போலத் தைப்பார். ஒவ்வொரு குத்துக்கும் உதடு அசையாமல் ஒரு "சிவாயநம". கடைசி முடிச்சை உள்பக்கமாகத் தள்ளி மறைத்துவிடுவார்.

"அது எதுக்குவே உள்ள தள்ளுதீரு?" என்று ஏட்டு தங்கப்பழம் ஒருமுறை கேட்டார்.

"வெளிய நின்னா துணி உரசும்லா, ஏட்டையா."

ஏட்டு அதைக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல, அங்கே வெகுநாள் சிரித்தார்கள். இன்னொன்றுக்கும் சிரிப்பார்கள். எல்லோரும் 'பாடி' என்று சொல்வதை அவர் 'சாமி' என்பார். "சாமி எப்ப வந்தாரு? சாமிக்கு ஆளு வந்திருக்காவளா?" என்றுதான் கேட்பார். குடித்துவிட்டு மனைவியை அடிக்கப் போன வேகத்தில் தவறி விழுந்து செத்தவனும் அவருக்குச் சாமிதான்.

பிணங்களோடு இருப்பது அவருக்குப் பயமாக இல்லை. மனிதர்களோடு இருக்க முடியாததுதான் வலித்தது. அவர் வந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகும். அவர் மனைவி கோமு நல்லவள்தான். ஒருநாள் அவர் பிசைந்து கொடுத்த சோற்றை வாயருகே கொண்டுபோனவளால் உண்ண முடியவில்லை. அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், தாய்வீட்டுக்குப் போனாள், வரவில்லை. அதன்பிறகு பேச்சுத்துணைக்கு அவருக்கு மேடையில் படுத்திருப்பவர்கள்தான். அவர்களும் ஒருநாளுக்கு மேல் தங்குவதில்லை.

பிணவறைக்குப் பின்னால் ஒரு நந்தியாவட்டைச் செடியை அவர் வளர்த்திருந்தார். திங்கட்கிழமைகளில் குளித்து, நீறு பூசி, நனைத்த வாழைநாரில் அந்தப் பூவைக் கட்டிக் கோயிலுக்கு எடுத்துப் போவார். அங்கே பூக்கட்டும் குற்றாலிங்கப் பண்டாரமும் இவர் யாரென்று தெரியாமல் வாங்கிச் சாமிக்குச் சாத்தக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெரிந்த அன்று பண்டாரம் மாலையைப் பிய்த்து, பூவை எல்லோர் முன்னிலும் சாக்கடையில் வீசினார்.

"பொணம் தச்ச கையால சாமிக்குப் பூக் கெட்டுதீரோ? சாமிக்கு மூக்கு இல்லன்னு நெனச்சீராவே?"

"சரி, பண்டாரம்" என்றார் சொரிமுத்தார். வேறு என்ன சொல்வது! தரையில் கிடந்த நாரை மட்டும் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்று மாலை கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது.

"எனக்குன்னு இருக்கது இந்தக் கையி ஒண்ணுதான். இது ஆகாதுன்னா, ஆகாதுன்னு நீரே சொல்லும். பண்டாரம் சொல்லிக் கேக்க எனக்கு மனசு இல்ல" என்றார்.

நாதர் ஒன்றும் சொல்லவில்லை. சொரிமுத்தார் கட்டுவதையும் விடவில்லை. கட்டிய மாலையைப் பிணவறைக் கதவின் ஆணியில் மாட்டுவார், வாடினால் எடுத்துவிடுவார். அப்படியே வருஷங்கள் போயின. பதில் வராத கேள்வியோடு ஒருவர் தனியாக வாழ்வது எத்தனை கொடுமை என்று வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய நாள். பஸ் நிலையத்தில் இறந்துகிடந்த ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். ஊர் தெரியாது, பேர் தெரியாது. இடுப்பில் ஒரு கிழிந்த வேட்டி, அவ்வளவுதான். டாக்டர் பகவதி பரிசோதித்தார். மறுநாள் விடியலில் கோயிலில் நடராசருக்கு நடக்கும் அபிஷேகம் அந்த அம்மையாரின் குடும்பம் செலவேற்று நடத்தும் கட்டளை. வீட்டில் ஆயிரம் வேலை. இருந்தும் ஒன்றையும் விடாமல் பார்த்தார். உடலில் காயமில்லை. இதயம் நின்றிருக்கிறது. இரைப்பையைத் திறந்தார்.

"ஒரு பருக்கை இல்ல, சொரிமுத்து. எத்தன நாளாச்சோ சாப்பிட்டு." கையுறையைக் கழற்றினார். "பொழுது சாயுது. இவருக்கு யாரும் வரப்போறதில்ல. நாலு தையல் போட்டு மூடிட்டு நீங்களும் போங்க."

"யாரும் வராதவருக்கு நம்மள விட்டா யாரும்மா இருக்கா?"

அம்மையார் புறப்பட்டுப் போனார். சொரிமுத்தார் கழுத்திலிருந்து தைத்துக்கொண்டே வந்தார். வயிற்றுக்கு வந்தபோது நூல் தீர்ந்துவிட்டது. நூல் இருக்கும் பண்டக அறையைப் பூட்டிக்கொண்டு அதன் ஆள் திருவிழாப் பார்க்கப் போயிருந்தார். போட்டதைப் பிரித்து அகல அகலமாகத் தைத்தால் அதே நூல் அடிவரை போதும். பிரிக்கலாமென்று ஊசியைக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"காஞ்ச வயித்தோட வந்தவரு. அந்த வயித்தையா நான் அரையும் கொறையுமா மூடுவேன்?"

திருவாதிரை மாலைக்கென்று ஒரு கிண்ணத்தில் வாழைநார் ஊறிக்கொண்டிருந்தது. வீட்டிலும் கடையிலும் வேறு நார் இல்லை. இதை எடுத்தால் நாளை மாலை இல்லை. சொரிமுத்தார் நாரை எடுத்தார். நகத்தால் மெல்லிசாகக் கிழித்து ஊசியில் கோத்தார். பசித்த வயிற்றின்மேல், குத்துக்கு ஒரு சிவாயநம என்று, அடிவயிறு வரை தைத்தார். பூக்கட்டும் முடிச்சையே போட்டு உள்ளே மறைத்தார். பறித்து வைத்திருந்த பூக்களை உதிரியாகவே முதியவரின் நெஞ்சில் வைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"உமக்குக் கெட்ட வச்சிருந்தது, இவருக்கு ஆயிப்போச்சு. கோவிச்சுக்காதீரும்."

விடியலில் கோயில் நிரம்பி வழிந்தது. அபிஷேகம் முடிந்து திரை போட்டு, பட்டர் நடராசர் திருமேனி முழுக்கச் சந்தனம் சாத்தினார். திரையை விலக்கினார்கள். கழுத்திலிருந்து அடிவயிறு வரை சந்தனத்தில் ஒரு கோடு தெரிந்தது. வெடித்துவிட்டது போலும் என்று பட்டர் மறுபடி திரை போட்டுப் பூசி வழித்தார். அவர் கண்ணெதிரே, ஈரச் சந்தனத்தில் அந்தக் கோடு மறுபடியும் வந்தது. கோட்டின் இருபுறமும் சின்னச் சின்னதாக, நெருக்கமாக, வெள்ளை நூல் ஓடியிருந்தது.

திரை விலகியதும் முன்வரிசையில் நின்ற டாக்டர் பகவதி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்க சொரிமுத்து தையல்" என்றார்.

பண்டாரம் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தார். நெஞ்சு வரை நூல். அதற்குக் கீழே வாழைநார். கடைசி முடிச்சு உள்பக்கமாக மறைந்திருந்தது. நார் திரும்பிய வாக்கில் முடிச்சின் வளைவு மட்டும் தெரிந்தது. அந்த முடிச்சை அவருக்குத் தெரியும். ஒருநாள் அதைத் தம் கையாலேயே பிய்த்துப் பூவைச் சாக்கடையில் போட்டவர் அவர். விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

சொரிமுத்தார் பிணவறை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பண்டாரம் ஓடி வருவதையும் பின்னால் பட்டரும் அம்மையாரும் ஊராரும் வருவதையும் கண்டு, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"மாலை ஒண்ணும் கொண்டாரலியே, பண்டாரம். கோயில் பக்கமே நான் வரல."

பண்டாரம் யாரும் மிதிக்காத அந்த வாசற்படியில் ஏறினார். மேடையில் கிடந்த முதியவரையும், அவர் வயிற்றில் நார்த் தையலையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, சாமி கழுத்து வெறுமனே கெடக்கு. நடை அடைக்காம நிக்கோம். ஒரு மாலை கெட்டித் தாங்க."

சொரிமுத்தார் தம் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். "பூ செடியில இருக்கு. ஆனா நார் இல்லியே. எல்லாம் இவருக்குச் செலவாயிட்டு."

பண்டாரம் தம் இடுப்பிலிருந்து ஈர வாழைநார்க் கட்டை உருவினார்.

"நான் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி, அந்தப் படியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாகக் கிழித்து நீட்டினார்.

அன்று துணைவந்தநாதர் நடராசர் கோலத்தில் அந்த மாலையோடுதான் வீதி வந்தார். பேரில்லாத முதியவரையும் ஊரே தூக்கிப் போய் அடக்கம் செய்தது. ஏட்டு தங்கப்பழம் தோள் கொடுத்தார். சொரிமுத்தார் அதன்பிறகும் பிணவறையில்தான் வேலை பார்த்தார், தனியாகத்தான் உண்டார். ஆனால் திங்கட்கிழமைகளில் அவருக்கு எதிரே உட்கார்ந்து நார் கிழித்துத் தர ஓர் ஆள் வந்தார். மாண்டவர் மார்பிலும் மாலை தொடுத்த அந்தக் கை, என்றும் நம் தலைமேல் இருக்கட்டும்.