ஆமை முதுகில் விழுந்த வால்நட்சத்திரம்

அந்தக் காலத்தில், மானும் நண்டும் கூகையும் ஒரே மொழியில் வாயாடிக்கொண்டிருந்தபோது, ஆமையின் முதுகு கழுவி வைத்த கூழாங்கல் மாதிரி மழமழவென்று இருக்கும். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் ஆமைக்குத் தெரியாது. கழுத்தை நீட்டிக்கொண்டு நிமிர்ந்துதான் நடக்கும்.

அந்த ஆமைகளில் பொறையன் என்கிற ஒருவன் முதுகில் மட்டும், இடது பக்கம் முழுக்கக் கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகளைக் குளத்தில் எல்லோரும் கும்பிட்டார்கள். கோடை வந்தால் முதல் வாய்த் தண்ணீர் அவனுக்குத்தான். வானத்தின் கோபத்தைத் தணித்தவன் என்று அவனுக்குப் பெயர்.

அது நடந்து எழுபத்தைந்து மழைக்காலம் ஆகிவிட்டது. அப்போது ஒரு நாள் மாலை, சூரியன் இறங்கிய இடத்துக்கு மேலே வாலோடு ஒரு நட்சத்திரம் முளைத்தது. குளமே கதிகலங்கிப் போயிற்று. குறி சொல்லும் கூகையார் இரண்டு கட்டளை போட்டார். நட்சத்திரம் நிற்கும் ஒவ்வொரு மாலையும் ஒருவன் உடம்பில் நண்டு ஒரு நேர்த்திக்கோடு கீற வேண்டும். வால் எவ்வளவு நீளமாகத் தெரிகிறதோ அதற்குத் தக்கபடி கோடு நீள வேண்டும், கூட்டினாலும் குறைத்தாலும் தெய்வக்குற்றம். அதற்குப் பொறையனின் கெட்டி ஓடு தோதாக இருந்தது. இரண்டாவது கட்டளை, கோடுகளால் மட்டும் அது போகாவிட்டால் குளத்தில் கடைசியாகப் பிறந்த பெண்ணைச் சுடுபாறையில் பலி விட வேண்டும்.

கடைசியாகப் பிறந்தவள் நல்லி, பொறையனின் தங்கை. அவனே அவளைச் சுமந்துபோய் மல்லாக்கப் போட்டான். "அண்ணா, எப்ப வந்து கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டாள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். மூன்றாம் மாலை நட்சத்திரத்தைக் காணவில்லை. என் தங்கை வீணாகப் போகவில்லை என்கிற அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை காலமும் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தான்.

இப்போது அதே மேற்கில், அதே வாலோடு நட்சத்திரம் மறுபடியும் வந்து நின்றது. பழைய கூகையார் செத்துப் புதிய கூகையார் வந்திருந்தார். கட்டளை மட்டும் மாறவில்லை. இந்த முறை கடைசியாகப் பிறந்தவள் மருதி என்கிற புள்ளிமானின் குட்டி. குளம்புகூட இன்னும் கெட்டிப்படவில்லை.

ஒரு மாலை, குட்டியை அழைத்துப் போக எல்லோரும் கூடிவிட்டார்கள். மருதி பொறையன் முன்னால் வந்து விழுந்தாள்.

"அண்ணே, சொந்தத் தங்கச்சியையே குடுத்தவங்க நீங்க. உங்க கூடன்னா அனுப்புறேன். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

பொறையன் தலையை மட்டும் ஆட்டினான். கிளம்புவதற்கு முன் அன்றைய கோட்டை அவன் வலது பக்கத்தில் கீற, கடுக்கி என்கிற நண்டு ஏறினாள். கீறி முடித்தும் இறங்கவில்லை.

"என்னம்மா, எறங்கலையா?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, ஐயா. சின்னதா ஆரம்பிச்சு, நீண்டு, மறுபடி சிறுத்துக்கிட்டு வருது. அச்சு அசல். அந்தப் பக்கம் முப்பத்தொம்போது. இந்தப் பக்கம் இன்னியோட முப்பத்தேழு."

"அதுக்கென்ன இப்போ?"

"உங்க தங்கச்சியை எந்தக் கோட்டன்னிக்குக் குடுத்தீங்க?"

"முப்பத்தேழு அன்னிக்கு."

கடுக்கி இரண்டு பக்கக் கோடுகளையும் கொடுக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இருபதாவது கோட்டுலேருந்தே வால் சிறுத்துட்டு வருதே, ஐயா. அது கெளம்பிப் போயிட்டிருக்கறப்பத்தான் நீங்க குடுத்திருக்கீங்க."

பொறையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மை எழுபத்தைந்து வருஷமாக அவன் முதுகிலேயே இருந்திருக்கிறது. தன் முதுகைத் தானே பார்க்க எந்த ஆமைக்கு முடியும்? பார்க்க முடிந்தவர்களோ கும்பிட்டார்களே தவிர, ஒருத்தராவது எண்ணிப் பார்க்கவில்லை.

"பொறப்படலாமா?" என்று கூகையார் அவசரப்படுத்தினார்.

பொறையன் குட்டிக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றான். "மூணு மாலை பொறுங்க. அதுவாப் போயிடும். போகலேன்னா என்னைக் கொண்டுபோய் மல்லாத்துங்க."

"தங்கச்சியைக் குடுத்த வாயாலயா இதைச் சொல்றே?" என்றார் கூகையார்.

கூட்டம் விக்கித்து நின்றது. பொறையன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவன் பேச்சைத் தட்டிப் பழக்கம் இல்லாததால், முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

முதல் மாலை வால் விரல்கடை அளவுதான் இருந்தது. இரண்டாம் மாலை நெல்மணி அளவு. மறைக்காமல் சொல்கிறேன், பொறையன் மனசின் ஒரு மூலை அந்த நட்சத்திரம் போகக் கூடாது என்று ஏங்கியது. அது நின்றால் அவன் சாவான், மான்குட்டியும் சாகும். ஆனால் நல்லி வீணாகச் செத்தவள் ஆகமாட்டாள். அப்படி நினைத்ததற்காக அவன் தன்னையே வெறுத்தான்.

மூன்றாம் மாலை சூரியன் இறங்கியது. கடுக்கி கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அவன் முதுகில் காத்திருந்தாள். மேற்கு வெறுமையாக இருந்தது. கீறுவதற்கு ஒன்றுமில்லை.

குளம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. குட்டி ஓடிப்போய்த் தாயின் மடியில் முட்டியது. மருதி கண்ணீரும் சிரிப்புமாகப் பொறையனிடம் வந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நல்லியைக் குடுத்து எங்களைக் காப்பாத்துனீங்க. இன்னிக்கு என் பிள்ளையையும் காப்பாத்திட்டீங்க."

பொறையன் அவளைப் பார்த்தான். நிமிர்ந்தே இருந்த அந்தத் தலை மெல்லத் தாழ்ந்து, கழுத்தோடு பின்வாங்கி, ஓட்டுக்குள் போய்விட்டது. மருதி எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை.

அவனுக்குப் பிறகு பிறந்த ஆமைகள் எல்லாம் அந்தக் கோடுகளோடுதான் பிறந்தன. வழியில் ஆமையைக் கண்டால் கோடுகளை எண்ணிப் பாருங்கள். மல்லாக்க மட்டும் போடாதீர்கள். அடிக்கப் போனாலும் சரி, அன்பாகத் தடவப் போனாலும் சரி, ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்வது அந்த மாலை முதல்தான்.