பாயச அண்டா சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், பாயசம் என்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், பாயசம் ஆறிவிடும்.

அவரிடம் ஒரு விசித்திர வழக்கம். அரண்மனையில் யார் தவறு செய்தாலும் கழுத்தில் ஆட்டு மணியைக் கட்டி ஊரைச் சுற்றி வரச் சொல்வார். "அவமானப்பட்டால்தான் புத்தி வரும்" என்பார். புத்தி வந்ததோ இல்லையோ, எல்லோருக்கும் வாயைப் பொத்திக்கொள்ளத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச காலமாகப் பாயசம் தினமும் அடிப்பிடித்தது. தலைமைச் சமையல்காரர் பிச்சாண்டிக்கு மணி கட்டிக் கட்டியே கழுத்து புண்ணாகிவிட்டது.

"இவர்கள் ஏன் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்?" என்று ராஜா சபையில் உறுமினார்.

மந்திரி அரிகேசவருக்கு அரசவை விகடகவி சாத்தப்பன் மேல் நெடுநாள் பொறாமை. "பிரபோ, எல்லாம் தெரிந்த சாத்தப்பன் கற்றுக்கொடுக்கட்டும். நாளையும் அடிப்பிடித்தால் அவனும் பிச்சாண்டியும் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். சாத்தப்பா, தீய்ந்ததற்குக் காரணம் எதுவோ அதன் கழுத்தில் மணியை நீயே கட்டு!"

சாத்தப்பன் சமையற்கட்டுக்குப் போய், "என்ன கோளாறு?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார்கள் எல்லோரும்.

பிச்சாண்டியின் கண் மட்டும் பித்தளை அண்டாவின் அடிக்குப் போய்ச் சட்டென்று திரும்பியது. பாவம், வீட்டில் கைக்குழந்தை; துரத்திவிட்டால் எங்கே போவார்? சாத்தப்பன் குனிந்து பார்த்தான். அடி முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. தன் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் மனைவி பூசும் மண் இதில் இல்லை.

மறுநாள் அடுப்பு மூட்டும் முன்பே அண்டா சபைக்கு வந்தது, கழுத்தில் மணியோடு. சபை குலுங்கிச் சிரித்தது.

"என்ன கூத்து இது?"

"தங்கள் கட்டளைதான் மகாராஜா. தீய்ந்தது இதில்தானே? ஆனால் இது தன் மேல் குற்றமில்லை என்று சாதிக்கிறது." சாத்தப்பன் அண்டாவில் காதை வைத்தான். "அடியில் மண் பூசினால் சூடு நிதானமாக ஏறுமாம். மண் பூசக் கூடாது, பாத்திரம் மின்ன வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டார்களாம். யாரென்று சொல்ல இதற்கும் பயமாம்."

சிரிப்பு நின்றது. உத்தரவு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ராஜாவின் முகம் சிவந்தது.

ராஜா மெல்ல இறங்கி வந்தார். மணியை அவிழ்த்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

"நான்தான். பிச்சாண்டி, உன்னை வீணாக அலைய வைத்துவிட்டேன்."

பிச்சாண்டி அழுதேவிட்டார். "எம்மேலயும் தப்பிருக்குங்க மகாராஜா. விறகு ஈரம், நான் பார்க்கலை."

"பாலை ஊத்திட்டுப் பேசிக்கிட்டே நின்னது நானுங்க" என்றார் இன்னொருவர்.

மணி குலுங்கக் குலுங்க ராஜா எல்லாவற்றையும் கேட்டார். மண் பூசினார்கள், காய்ந்த விறகு வந்தது, கிண்டும் கை நிற்கவில்லை. அன்று மதியம் பாயசம் ஊரையே மணக்கச் செய்தது.

"என்ன பரிசு வேண்டும், சாத்தப்பா?"

"மணியைச் சமையற்கட்டு வாசலில் தொங்கவிடுங்கள், மகாராஜா. தன் தவறைச் சொல்லி மணி அடிப்பவருக்கு முதல் கரண்டிப் பாயசம்."

வாசலில் கட்டிய கையோடு மணி அடித்தது. அடித்துவிட்டு நின்றவர் அரிகேசவர்.

"பிரபோ, பாத்திரம் மின்ன வேண்டும் என்று தங்கள் காதில் ஓதியது அடியேன்தான்."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினார். மந்திரி குடித்தார், உதட்டை நக்கினார், சாத்தப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார். மறுபடியும் மணியை அடித்தார்.

"இவனைத் துரத்தப் பார்த்ததும் அடியேன்தான்..."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டுவிட்டு, மந்திரிக்கு இரண்டாவது கரண்டியையும் தன் கையாலேயே ஊற்றினார்.