வாழையடியில் ஒரு நேர்காணல்

அந்தக் கல்லூரித் தோட்டத்தில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை பார்த்தவள் பேச்சியம்மாள். இந்தத் தடவை வேலையை நிரந்தரமாக்காமல் விடுவதில்லை என்று நேர்காணலுக்கு வந்து நின்றாள். நேர்காணல் குழுவில் இருந்த ஆங்கிலப் பேராசிரியர் அருமைநாதனுக்கோ அந்த வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார்.

"சப்போர்ட், மெயின்டெயின், சஸ்டெயின். மூணுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பாப்போம்."

தோட்டக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது என்று கல்லூரி முதல்வர் அம்மா முகம் சுளித்தார். பேச்சியம்மாள் சுளிக்கவில்லை.

"உங்க வகுப்பு ஜன்னலுக்குக் கீழதான் சார் நம்ம வாழை நிக்குது. தண்ணி பாய்ச்சும்போது உங்க பாடமும் காதுல விழும். வாங்க, காட்டுதேன்."

எல்லோரும் வாழையடிக்குப் போனார்கள்.

"குலை பாரத்துல மரம் சாயாம இந்தக் கம்பை முட்டுக் கொடுத்திருக்கேன், இது சப்போர்ட். காஞ்ச இலையை அறுத்து, களை பறிச்சு, இருக்கிற மரம் கெடாமப் பாக்கேன், அது மெயின்டெயின். குலை தள்ளுன மரம் அதோட சரி. அதனால பக்கக் கன்னுல ஒண்ணை மட்டும் வளர விட்டுருவேன். ஒன்பது வருஷமா இந்த வாழை அத்துப்போகாம வாரது அப்படித்தான். அதான் சஸ்டெயின்."

"சரிதானா, சார்?" என்றார் முதல்வர். பேராசிரியர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

"எனக்கும் ஒரு சந்தேகம் சார்" என்றாள் பேச்சியம்மாள். "குலை முத்துனதும் யாருக்கும் சொல்லாம வெட்டி உங்க கார்ல ஏத்திட்டுப் போறீங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை? அதை மட்டும் நீங்க பாடத்துல சொல்லவே இல்லையே!"

முதல்வர் அந்த வாழைமரத்தின் தண்டிலேயே தாளை வைத்து, பேச்சியம்மாளின் நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.