மூக்குத்தி எந்தப் பக்கம்?

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டைப் பரிதிவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். எதிரியின் யானை எந்தக் காலை நொண்டுகிறது என்று மலைமேல் நின்றே சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட கண். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கண் எங்கே போகுமோ, தெரியாது.

அவன் மனைவி செண்பகவடிவு. அவளைப் பாராட்டுகிற வேலையைக்கூட ராஜா ஆள் வைத்துத்தான் செய்தான். ஆஸ்தானப் புலவர் கவிமாரி, அரசியின் கூந்தல் முதல் பாதம் வரை நூறு பாட்டு எழுதி வெள்ளிக்கிழமைதோறும் சபையில் பாடுவார். ராஜா தலையை ஆட்டுவான். அரசி பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்குவாள்.

ஒருநாள் பரிமாறும்போது அவள் கேட்டாள். "என் முகத்தைப் பாருங்கள். என்ன புதுசு?"

ராஜா இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நிலாவில் என்ன புதுசு இருக்கப்போகிறது? அந்தக் கீரையை இன்னும் கொஞ்சம் வை."

அவள் கீரையை வைத்தாள். மறுநாள் காலை பல்லக்கில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலில் ராஜாவுக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் போய், அரண்மனை பெரிதாகிவிட்டது. அவள் மடித்து வைத்துவிட்டுப் போன புடவையை எடுத்து முகர்வான். யாராவது வரும் சத்தம் கேட்டால் பெட்டிக்குள் திணிப்பான். கடைசியில் மானத்தை விட்டு, அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினான்.

அரசியிடமிருந்து பதில் வந்தது. "என்னைப் படம் எழுதி அனுப்பட்டும். அடையாளம் அவர்தான் சொல்ல வேண்டும், தோழிகள் வாய் திறக்கக் கூடாது. அதில் நான் இருந்தால் வருகிறேன்."

"இவ்வளவுதானே?" என்றார் கவிமாரி. "என் நூறு பாட்டு இருக்கிறது. எவனாவது பார்த்து வரையட்டும். நம் அமைச்சருக்குத்தான் கவிதை என்றால் காது அடைத்துக்கொள்ளும்."

அமைச்சர் நல்லபெருமாள் சிரித்தார். அவர் நாற்காலிமேல் புலவருக்கு வெகுநாளாக ஒரு கண். "பாட்டில் உள்ளபடியே வரையச் சொல்கிறேன், புலவரே. ஒரு கோடுகூடச் சேர்க்க மாட்டேன்."

"படத்தில் அரசி இல்லாவிட்டால்?"

"என் பதவி உமக்கு. ஆனால் பிழை பாட்டில் இருந்தால் சபையில் நீர் வாயைத் திறக்கக் கூடாது."

அமைச்சர், அரசியை ஒருமுறைகூடப் பார்த்திராத மாடத்தி என்ற ஓவியக்காரியை வெளியூரிலிருந்து வரவழைத்தார். அவள் பாட்டு முழுவதையும் கேட்டு வரைந்தாள். சபையில் திரையை விலக்கினார்கள். கழுத்துக்கு மேலே களங்கத்தோடு ஒரு முழு நிலா. அதில் இரண்டு கெண்டை மீன், வாயைப் பிளந்தபடி. தோளில் மூங்கில். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்னல் வெட்டு.

"என்னய்யா இது, வயலில் நட்டுக் காக்கை விரட்டவா?" என்றான் ராஜா.

"அரசியையே அவமதித்துவிட்டார்," என்று கவிமாரி எழுந்தார்.

"மீன் உம்முடையது புலவரே," என்றார் அமைச்சர்.

"அது உவமை."

"சரி, உவமையை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும். அதை வரையட்டும்."

புலவர் பாட்டு ஓலைகளைக் கடைசிவரை புரட்டினார், திரும்பக் கட்டி வைத்தார்.

"சின்னதாக ஒன்று கேட்கிறேன். அரசிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்," என்றார் புலவர்.

"வலப்பக்கம்," என்றான் ராஜா. சொன்ன பிறகு அவனுக்கே சந்தேகம் வந்தது. கண்ணை மூடிப் பார்த்தான். வெள்ளையாக நிலாதான் வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள், மூடிய கண்ணுக்குள் வர மறுத்தாள். அந்த நூறு பாட்டும் அவள் முகத்தைத் தின்றுவிட்டிருந்தன.

"அமைச்சரே, எனக்குத் தெரியவில்லை," என்றான். சபை நடுவில் ஒரு ராஜா அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"தெரியாததை விடுங்கள் மகாராஜா. கண்ணால் பார்த்தது ஒன்று இருக்கும். அதை மட்டும் சொல்லுங்கள்."

ராஜா மறுபடியும் கண்ணை மூடினான். பிறகு மெதுவாக, யாரிடமோ சொல்வதுபோல ஆரம்பித்தான். "சாயங்காலம் நான் வரும்போது தெற்குச் சாளரத்தில் நிற்பாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டிருப்பாள். பிடரியில் வேர்க்குரு. ஒரு கால் பெருவிரலால் மற்றக் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருப்பாள். நான் செருமினால் உடனே திரும்ப மாட்டாள், கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புவாள். அதற்குள் நான் உள்ளே போய்விடுவேன்."

மாடத்தி அதை அப்படியே வரைந்தாள். "முகமே இல்லாத படமா!" என்று கவிமாரி கேட்டார். அமைச்சர் அதைச் சுருட்டினார். படம் அரசியிடம் போயிற்று.

அதன்பின் ராஜா மாலையில் அதே சாளரத்தில் நின்றான். அங்கிருந்து அவள் அம்மா ஊர்ப் பாதை தெரிந்தது. தூரத்துப் புழுதி எதுவானாலும் பல்லக்கு போலவே இருந்தது. பக்கத்தில் வந்தால் மாடு.

ஒருநாள் நீர்ப்பாசன வழக்கு ஒன்று இழுத்துவிட்டது. தாமதமாக உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றான். சாளரத்தில் பின்னல், பிடரி, கணுக்காலில் பெருவிரல்.

செருமினான். அவள் திரும்பவில்லை. இந்தத் தடவை அவன் உள்ளே போகவில்லை. நின்றான்.

"வடிவு, திரும்பேன்."

"படத்தில் நான் திரும்பவே இல்லையே," என்றாள் அவள். "நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள்."

மறுநாள் அமைச்சருக்குப் பட்டாடையும் ஓவியக்காரிக்குப் பத்து வேலி நிலமும் கிடைத்தன. கவிமாரிக்கு ஒரு கட்டளை: வீட்டுக்குப் போய் மனைவியைப் பார்த்து, உவமையில்லாமல் ஒரே ஒரு பாட்டு எழுதும் வரை சபைக்கு வரக் கூடாது. தண்டனை எனக்கா அவருக்கா என்று அந்த அம்மாள் கேட்டாளாம்.

ஆனால் அதெல்லாம் மறுநாள் கதை. அன்று சாயங்காலம் ராஜா அவளைச் சுற்றிக்கொண்டு போய், சாளர வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தான். மூக்குத்தி இரண்டு பக்கமும் இருந்தது. வலப்பக்கம் பழையது. இடப்பக்கம் புதிதாகக் குத்தியது.

"வலிக்கிறதா?" என்றான்.

"அது எப்போதோ ஆறிவிட்டது," என்றாள்.