தொடாமல் ஓட்டிய லினக்ஸ்

எங்கள் தெரு கணினி மன்றத்தில் அறிவாளிகள் மூன்று பேர்: தாவீது, உலகம்மாள், நான். மன்றத்தில் மொத்தமே மூன்று பேர்தான் என்பதால் அந்தப் பட்டத்துக்குப் பெரிய போட்டி இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். பொங்கலுக்குள் அதில் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், ஓடாவிட்டால் அறை கபடிக் குழுவுக்குப் போய்விடும். கபடிக்காரர்கள் அடிக்கடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடையில் இருந்ததிலேயே புதிய மதர்போர்டும் புதிய ப்ராசஸரும் வாங்கினோம். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளின் பழைய டிவிடி தாவீதிடம் இருந்தது, அதைப் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது. தாவீதின் அக்கா வீட்டுக்காரர் ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவருக்குப் போன் போட்டோம்.

“போர்டும் புதுசு, ப்ராசஸரும் புதுசு மாப்பிள. லினக்ஸுக்கு இன்னும் அதுகளைத் தெரியாது. ரெண்டு மூணு மாசம் பொறு, தெரிஞ்சிக்கிடும்” என்றார் அத்தான்.

முன்பின் தெரியாதவர்களை முதல் நாளே சேர்ந்து வேலை செய்யச் சொன்னது எங்கள் தவறுதான். பழகிக்கொள்ளட்டும் என்று டிவிடியைப் போர்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அப்புறம்தான் உலகம்மாளுக்குச் சந்தேகம் வந்தது.

“எந்தப் பக்கம் போர்டைப் பாத்து இருக்கு?”

“படம் போட்ட பக்கம்” என்றான் தாவீது. “அதானே மூஞ்சி.”

“விஷயமெல்லாம் பளபளன்னு இருக்க பக்கத்துலல்லா இருக்கு” என்றேன் நான்.

சாயங்காலம் வரை பேசி, தினமும் ஒரு தடவை திருப்பி வைப்பது என்று முடிவு செய்தோம். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மார்கழிக் கடைசியில் அதே டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். அதே கறுப்பு. உலகம்மாள் அழுதேவிட்டாள். போனில் நடந்ததைக் கேட்ட அத்தான் மறுநாளே பஸ் ஏறி வந்து, அந்தப் போர்டைத் தெரிந்த, புதிதாக வெளிவந்திருந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். திரையில் மலைப் படம் வந்தது, மவுஸ் அம்பு வந்தது.

“ஓடுது. இனிமே ஒருத்தரும் எதையும் தொடாதீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் தொடவில்லை. பொங்கலன்று தலைவர் வந்தபோது மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். மவுஸைப் பிடிக்கப் போன அவர் கையை உலகம்மாள் மரியாதையாக விலக்கினாள். அந்த நேரம் பார்த்துத் திரை அணைந்தது.

“ஓடலியே” என்றார் தலைவர்.

“தூங்குது ஐயா. மவுஸ் அசைஞ்சா முழிச்சிக்கிடும்” என்றேன்.

“அப்போ அசைங்க.”

“தொடக்கூடாது ஐயா.”

தலைவர் ஜன்னலுக்கு வெளியே நின்ற கபடிக் குழுவின் பக்கம் திரும்பினார். தாவீதுதான் காப்பாற்றினான்.

“மேசை தச்சர் செஞ்சதுல்லா. அது அத்தான் தொடாதீங்கன்ன கணக்குல வராது.”

மூவரும் மேசையைப் பிடித்து உலுக்கினோம். மவுஸ் வழுக்கியது, மலை திரும்பி வந்தது. தலைவர் கைதட்டி, அறை எங்களுக்கே என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஊரார் வந்து பயன்படுத்துகிறார்கள். அம்பு எங்கே போக வேண்டுமோ அதற்கேற்ப நாங்கள் மேசையைத் தள்ளி உலுக்குகிறோம். இன்று காலை தபால்காரர் மனைவி, மகளின் காலேஜ் ரிசல்ட் பார்க்க வந்தார். அம்பு இன்னும் திரையில் இருக்கிற ரிசல்ட் பொத்தானுக்குப் போய்ச் சேரவில்லை. மேசை வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, ரேஷன் கடைக்கு வந்துவிட்டது. அறையைப் பற்றிக் கவலையில்லை. நாங்கள் திரும்பும்வரை கபடிக் குழுவே உள்ளே இருந்து பார்த்துக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறது. இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்சம் நீளமான ஒயர்தான்.