ஆனைப்பாறை வரை

மேற்கு மலையடியில் ஒரு பெரிய குளம். குளத்தின் கரையில் ஒரு வைத்தியசாலை. அங்கே உலகம்மை கொடுக்கும் மருந்து பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி, விடியலில் கிளம்பிக் குளத்தை ஒரு சுற்று நடந்து கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வது. மருந்துக்கு வந்தவர்களே அங்கே சிஷ்யர்கள்.

உலகம்மைக்கு முப்பது வயது. வடிவு அவளைவிட இரண்டு வயது மூத்தவள். ஆகவே குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து வடிவுக்கு ஒரு பெண் பிறந்தாள். பிரசவத்தோடு வடிவின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டன. ஒரு நாள் பிள்ளையும் கையுமாகப் படியில் விழுந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தாய்க்குத்தான் அதன்பிறகு பிள்ளையைத் தூக்கவே பயம்.

"உட்காராம ஒரு சுற்று நடந்து வாங்க அக்கா. அன்னைக்குப் பிள்ளையைத் தூக்கலாம். அதுவரைக்கும் படுத்தபடியே பால் கொடுங்க" என்று உலகம்மை சொல்லிவிட்டாள்.

வைத்தியசாலை வாசலில் புங்கமரம். அதில் பிள்ளையின் தொட்டில். தொட்டில் கயிறு ஜன்னல் வழியே உள்ளே போகும். உள்ளே உலகம்மை ஒரு கையால் மருந்து இடிப்பாள், இன்னொரு கையால் கயிற்றை இழுப்பாள்.

வடிவு முதலில் பத்து எட்டு நடந்தாள். பிறகு மடை வரைக்கும். பிறகு அக்கரையையும் தாண்டி ஆனைப்பாறை வரைக்கும். அதோடு சரி. தினமும் அங்கிருந்து திரும்பி, போன வழியே வந்தாள். குருவிடம், "இன்னைக்கும் முடியலம்மா" என்பாள். அதற்குமேல் சொல்ல வெட்கம்.

சுடலையாண்டி விடுவாரா? முட்டிவலிக்கு வந்தவர், பழைய வண்டிக்காரர். தினமும் முழுச் சுற்று நடப்பவர்.

"என்ன தாயி, இன்னைக்கும் பாறைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பியாச்சா?" என்றார் அன்று, எல்லார் முன்னாலும். "நான் நேத்தோட பதினோரு சுற்று!"

வடிவு குனிந்துகொண்டாள். ஜன்னலுக்குள் உலக்கைச் சத்தம் நின்றது. உலகம்மை வெளியே வந்தாள்.

"அக்கா, நீங்க எந்த இடத்துல திரும்புறீங்க?"

"ஆனைப்பாறையில அம்மா."

"ஏன்?"

"அதுவரைக்கும் எங்க நின்னாலும் தண்ணிக்கு இந்தப் பக்கம் தொட்டில் தெரியுது. பாறைக்குப் பின்னால போனா தெரியல. கால் நகர மாட்டேங்குது."

உலகம்மை மணலில் குந்தினாள். விரலால் ஒரு வட்டம் போட்டாள். ஒரு புங்கங்காயை எடுத்து வட்டத்தின் மேல் வைத்தாள்.

"இது தொட்டில். இங்கிருந்து நீங்க நடந்ததை விரலால நடந்து காட்டுங்க."

வடிவின் விரல் கிளம்பியது. மடையைத் தாண்டியது. அக்கரையைத் தாண்டியது. வட்டத்தில் முக்கால்வாசி போய் நின்றது. கால்வாசிதான் பாக்கி. விரல் திரும்பியது. வந்த முக்காலையும் மறுபடி நடந்து காயிடம் வந்து சேர்ந்தது.

சுடலையாண்டி எட்டிப் பார்த்தார். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன.

"ஏ அப்பா! இவ ஒண்ணரைச் சுத்துல்லா நடந்திருக்கா!"

"எத்தனை நாளா அக்கா?"

"இருபத்திரண்டு நாளா."

"எங்கயாவது உட்கார்ந்தீங்களா?"

"எப்படிம்மா உட்காருவேன்? உட்கார்ந்தா நாணல் மறைக்குமே."

சுடலையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, தாயி வரட்டும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு அதட்டல் போட்டார்.

வடிவு எழுந்தாள். பிரசவத்துக்கு அப்புறம் அவள் முதுகு அப்படி நிமிர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. தன் கால்களைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டாள், வேறு யாருடையதோ மாதிரி. பிறகு சிரித்தாள். கூட்டத்துக்கு நடுவே புங்கமரத்தடிக்கு நடந்து போனாள். ஒரு எட்டுகூடத் தடுமாறவில்லை.

உலகம்மை பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து நீட்டினாள்.

வடிவின் கைகள் பாதியில் நின்றுவிட்டன.

"அம்மா, காலு சரியாப் போச்சு. பயம் போகலையே."

"பயமில்லாதவங்க கையில நான் எந்தப் பிள்ளையையும் கொடுத்ததில்லை அக்கா. வாங்கிக்கோங்க."